மதிப்பெண்ணும் மதிப்பும்

தமிழில் 'மதிப்பு' என்னும் சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஒரு நிலத்தின் மதிப்பு என்ன என்று கேட்டால் அதன் விலையைச் சொல்கிறோம். ஒரு சான்றோரிடம் உனக்குள்ள மதிப்பு எத்தகையது என்று கேட்டால் விலை எதுவும் நம் நினைவுக்கு வருவதில்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஆங்கிலத்தின் நிலையும் இதுவே. நாம் 'தன்மதிப்பு' என்று மொழிபெயர்க்கும் 'செல்ஃப் எஸ்டீம்' என்ற தொடரில் உள்ள 'எஸ்டீம்' என்ற சொல்லும், விலை கணிப்பதைக் குறிக்கும் 'எஸ்டிமேட்' என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை.

இவ்விரு பொருள்களையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ட். 1785இல் வெளிவந்த தமது அறநெறி நூல் ஒன்றில் அவர் கூறுவதன் சாரம் இது: விலையுள்ள பொருளுக்கு ஈடாக அதே விலையுள்ள இன்னொன்றை வைத்துவிடலாம். எதற்கு ஈடே இல்லையோ, அதற்கு இருப்பது விலையல்ல, மாண்பு. மனிதனுக்கு உரியது இந்த மாண்பே.

ஏட்டளவில் இதை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் பதினான்கு, பதினைந்து வயதுள்ள ஒரு மாணவனோ மாணவியோ 'நான் மதிப்புள்ளவனா, மதிப்புள்ளவளா?' என்று தனக்குள் கேட்டுக்கொள்ளும்போது, நாம் எந்த மதிப்பைக் காட்டி விடை சொல்லப் பழக்கியிருக்கிறோம்? விலையையா, மாண்பையா? வளரிளம் பருவத்தைப் பற்றிய கேள்விகளுள் தலையாயது இதுவே என்று தோன்றுகிறது.

மூன்று சொற்கள்

இப்பருவத்தைப் பற்றிப் பேசும்போது தன்மதிப்பு, அடையாளம், ஆளுமை என்ற மூன்று சொற்களும் கலந்தே வருகின்றன. அவற்றைப் பிரித்தறிவது நல்லது. 'நான் யார்?' என்ற கேள்விக்கு ஒருவர் தரும் விடை அடையாளம். அந்த 'நான்' எத்தகைய தகுதி உடையது என்று அவர் உள்ளூர உணர்வது தன்மதிப்பு. அவ்விரண்டும் நாள்தோறும் பேச்சிலும் செயலிலும் பழக்கத்திலும் வெளிப்பட்டு உறுதிப்படும் வடிவம் ஆளுமை. ஆளுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நாடக மேடையில் நடிகர் அணியும் முகமூடியைக் குறித்த 'பெர்சோனா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

குழந்தைக்கு இக்கேள்விகள் சுமையாவதில்லை. 'இன்னாருடைய மகன், இந்தத் தெரு, இந்தப் பள்ளி' என்று சொல்வதோடு அதன் விடை நிறைவு பெறுகிறது. உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவமாகக் கொள்ளும் 10 முதல் 19 வயது வரையுள்ள ஆண்டுகளில்தான் அந்த விடை போதாமற் போகிறது. பிறர் தந்த பெயர் இருக்கிறது. அப்பெயருக்கு உள்ளே இருப்பது யார் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

தந்தையின் பெயர் அறியாத இருவர்

சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் என்ற சிறுவனின் வரலாறு வருகிறது. குருகுலம் சென்று கற்க விரும்பிய அவன், 'என் கோத்திரம் எது?' என்று அன்னை ஜபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணி செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், அவனது கோத்திரத்தைத் தான் அறியவில்லை என்றும் அந்தத் தாய் மறைக்காமல் கூறுகிறாள். தன் பெயரையே சேர்த்துச் 'சத்தியகாம ஜாபாலன்' என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறாள். சிறுவன் ஹாரித்ருமத கௌதமரிடம் சென்று, தாய் சொன்னதை ஒன்றும் விடாமல் அப்படியே சொல்கிறான்.

கௌதமர் என்ன செய்தார்? அந்தணனல்லாத ஒருவன் இவ்வாறு பேசமாட்டான் என்றார். உண்மையிலிருந்து நீ விலகவில்லை, சமித்துக் கொண்டு வா என்று அவனை ஏற்றுக்கொண்டார். இதைப் பிறப்பின் பெருமை பேசும் சொல்லாகவும் சிலர் படிப்பதுண்டு. ஆனால் நிகழ்ச்சியின் வரிசையை நோக்கினால் வேறொன்று விளங்கும். குலத்தை அறிந்துகொண்டு அவனது வாய்மையை அவர் ஊகிக்கவில்லை. வாய்மையைக் கண்டபின் குலத்தை அவரே முடிவு செய்கிறார். பிறப்பு தரத் தவறிய அடையாளத்தை வாய்மை தந்தது.

பல நூற்றாண்டுகள் கடந்து, 1902இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்கு அருகே ஒரு குழந்தை பிறந்தது. தன்னைப் பெற்ற தந்தை யார் என்பதை அக்குழந்தை வாழ்நாள் முழுவதும் அறியவில்லை. யூதக் குடும்பத்தைச் சேர்ந்த தாய், ஹோம்புர்கர் என்ற குழந்தை மருத்துவரை மணந்தார். அவரே தந்தை என்று நம்பிச் சிறுவன் வளர்ந்தான். பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்ட அவனை யூத வழிபாட்டிடத்தில் அந்நியன் என்று கேலி செய்தனர்; பள்ளியிலோ யூதன் என்று இகழ்ந்தனர். பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஓவியனாக ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த அந்த இளைஞனை, 1927இல் நண்பர் ஒருவர் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியப் பணிக்கு அழைத்தார். அந்த அழைப்பு வாழ்க்கையைத் திருப்பியது. 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் எரிக்சன்.

'அடையாள நெருக்கடி' என்ற தொடரை உலகுக்குத் தந்த எரிக் எரிக்சன் இவரே. பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பெறாத இவர் பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

இவ்விரு வாழ்க்கைகளிலும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. பிறப்பு தந்த விடை இல்லாத இடத்தில் இளைஞன் நின்றான். தன்னிடம் இருந்ததை மறைக்காமல் வைத்தான். ஒருவர் அவனை நம்பி ஏற்றார்; ஏற்றதோடு நில்லாமல் ஒரு வேலையையும் தந்தார். சத்தியகாமனுக்குக் கௌதமர் முதலில் தந்தது மந்திரமன்று, மெலிந்து நலிந்த நானூறு பசுக்கள். ஆயிரமாக்காமல் திரும்பேன் என்று உறுதி கூறி அவன் அவற்றை ஓட்டிச் சென்றான். அடையாளம் என்பது தனிமையில் சிந்தித்துக் கண்டெடுக்கும் பொருளன்று; பிறரால் ஊட்டப்படும் பொருளுமன்று. வாய்மை, ஏற்பு, பொறுப்பு ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் அது முளைக்கிறது.

கண்ணாடிகளின் பருவம்

இப்பருவத்தில் நிகழும் மாற்றங்களை உளவியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். உடல் விரைந்து மாறுகிறது. கண்முன் இல்லாததைக் கற்பனை செய்து ஆராயும் ஆற்றல் பெருகுகிறது. அதே ஆற்றல் தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கவும் தூண்டுகிறது. எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக வளரிளம் பருவத்தினர் உணர்வதை டேவிட் எல்கைண்ட் என்ற அறிஞர் 1967இல் 'கற்பனைப் பார்வையாளர்' என்ற கருத்தால் விளக்கினார். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளிக்குச் செல்லத் தயங்கும் சிறுமியைக் கண்டு நாம் நகைக்கிறோம். அவளுக்கோ வகுப்பறை முழுவதும் கண்ணாடிகள். இன்று கைப்பேசியின் வழியாக அந்தக் கற்பனைப் பார்வையாளர்களுக்கு எண்ணிக்கையும் வந்துவிட்டது. விருப்பக் குறிகள் எத்தனை என்று இரவிலும் எண்ண முடிகிறது.

மூளையின் வளர்ச்சியிலும் இதற்கொரு காரணம் உண்டு. உணர்ச்சியையும் பிறரது பாராட்டையும் கூர்மையாக ஏற்கும் பகுதிகள் இப்பருவத்தில் விழிப்புடன் இயங்குகின்றன. விளைவை எண்ணித் தன்னைக் கட்டுப்படுத்த உதவும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னரும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஓர் இகழ்ச்சி நம்மைத் தைப்பதைவிட அவர்களை ஆழமாகத் தைக்கிறது. அது கடந்துபோகும் என்ற அறிவு அவர்களுக்கு மெல்லவே வருகிறது.

எரிக்சன் இப்பருவத்துக்கு ஓர் இடைவேளை தேவை என்றார். பலவற்றை முயன்று பார்க்கவும், சிலவற்றை விட்டுவிடவும் சமுதாயம் தரும் தவணை அது. அவரது கருத்தை 1966இல் மேலும் ஆராய்ந்த ஜேம்ஸ் மார்சியா நான்கு நிலைகளைக் கண்டார். தேடவும் இல்லை, தெளிவும் இல்லை என்பது ஒன்று. தேடிக்கொண்டிருப்பது இரண்டாவது. தேடித் தெளிந்து உறுதி கொள்வது மூன்றாவது. நான்காவது, தேடாமலே பிறர் முடிவு செய்ததை ஏற்றுக்கொள்வது. நம் வீடுகளில் நல்ல பிள்ளை என்று பெயரெடுப்போர் பலர் இந்த நான்காம் நிலையினர். 'இவன் மருத்துவன் ஆவான்' என்று ஐந்து வயதிலேயே உறவினரிடம் சொல்லப்பட்ட சிறுவன் அப்படியே வளர்கிறான். அவனிடம் அமைதி தெரிகிறது. அந்த அமைதி எதன்மீது நிற்கிறது என்பது அந்த ஒரே கதவு மூடப்படும் நாளில்தான் தெரியவரும்.

ஒரு பின்னம்

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் தன்மதிப்பை ஒரு பின்னமாக எழுதிக் காட்டினார். மேலே இருப்பது நாம் அடைந்த வெற்றி. கீழே இருப்பது நாம் கொண்ட எதிர்பார்ப்பு. மேலுள்ள எண்ணைக் கூட்டினாலும் பின்னம் பெருகும். கீழுள்ள எண்ணைக் குறைத்தாலும் பெருகும். இதில் நுட்பமான செய்தி ஒன்று உள்ளது. நாம் எந்தத் துறையில் நம்மைப் பணயம் வைக்கிறோமோ அந்தத் துறையின் தோல்வி மட்டுமே நம்மைச் சுடுகிறது. பாடத் தெரியாதது நமக்கு வெட்கமாக இல்லை. ஏனெனில் பாடகர் என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்பின்னத்தை ராஜஸ்தானின் கோட்டா நகரில் வைத்துப் பார்ப்போம். பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி பெற நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர் இங்கே வந்து தங்குகின்றனர். உச்ச ஆண்டுகளில் அவர்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தை எட்டியது. பலருக்குப் பதினாறு, பதினேழு வயது. சாலையோரப் பலகைகளில் வென்றவர்களின் படங்கள். தேர்வுக்குத் தேர்வு மதிப்பெண் வரிசை. அவ்வரிசையைப் பொறுத்து வகுப்புப் பிரிவும் மாறும். பின்னத்தின் கீழே தந்தையின் கடனும் ஊராரின் எதிர்பார்ப்பும் எழுதப்பட்டிருக்கின்றன. மேலே உள்ள எண்ணோ இடங்களின் எண்ணிக்கையால் கட்டுண்டது. 2024இல் நீட் தேர்வு எழுதியோர் 23 லட்சத்துக்கும் மேல், நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. எத்தனை பேர் எவ்வளவு உழைத்தாலும் பெரும்பாலோருக்கு இடமில்லை என்பது தேர்வு தொடங்கும் முன்பே முடிவான கணக்கு. அக்கணக்கை மாணவர்கள் தங்கள் தகுதியின் கணக்காகப் படிக்கிறார்கள்.

2023இல் கோட்டாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் இவ்வாறு உயிரிழந்த மாணவர்கள் 13,044 பேர். ஒவ்வோர் இறப்புக்கும் காரணங்கள் பலவாக இருக்கும். தேர்வு ஒன்றையே காரணம் காட்டுவது பொருந்தாது. ஆனாலும் விலை போகாதது வாழத் தகாதது என்று ஓர் இளம் உள்ளம் முடிவு செய்யும் நிலை வருமானால், அந்த அளவுகோலை அதன் கையில் கொடுத்தவர்கள் யார் என்று நாம் கேட்டாக வேண்டும். பதினாறு வயதுக்கு உட்பட்டோரைப் பயிற்சி நிலையங்களில் சேர்க்கலாகாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது. அது நல்லதே. எனினும் அளவுகோல் பயிற்சி நிலையத்தில் உருவாவதில்லை. அதற்கு வெகு முன்பே வீட்டில் உருவாகிவிடுகிறது.

'அப்படியானால் மதிப்பெண் வேண்டாமா?' என்று கேட்கலாம். வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பை எட்டிய பெண்ணுக்கு, எவர் தயவையும் நாடாமல் அவள் ஈட்டக்கூடிய செல்வம் அதுதான். மதிப்பெண்ணை இகழ்ந்து பேசுவது வசதியுள்ளோருக்கு எளிது. வேண்டியதெல்லாம், மதிப்பெண் ஒரு வேலையின் அளவு, ஓர் ஆளின் அளவன்று என்ற தெளிவே.

புகழ்ச்சி மருந்தாகுமா?

பிள்ளைகளின் தன்மதிப்பு குன்றுகிறது என்றால் நாள்தோறும் புகழ்ந்து அதை உயர்த்திவிடலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1986இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. குற்றம், போதை, கல்வியில் பின்னடைவு அனைத்துக்கும் அது தடுப்பாகும் என்று நம்பினர். 2003இல் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, தன்மதிப்பை உயர்த்துவதால் படிப்பு உயர்கிறது என்பதற்குப் போதிய சான்று கிட்டவில்லை. நன்றாகச் செய்வதன் பயனாகத் தன்மதிப்பு வருவதே பெரும்பாலும் காணப்பட்டது.

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஐந்தாம் வகுப்புச் சிறுவர்களில் சிலரை 'நீ அறிவாளி' என்றும், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினர். அடுத்துக் கடினமான கணக்குகள் தரப்பட்டன. அறிவாளி என்று புகழப்பட்டோர் விரைவில் சோர்ந்தனர். பிறகு தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் கூட்டிச் சொன்னார்கள். புகழ் பெற்றதைக் காக்கப் பொய் தேவைப்பட்டது. புகழ்ச்சியும் ஒரு விலைச்சீட்டுதான். உயர்ந்த விலை எழுதிய சீட்டு. விலை எழுதப்பட்ட பொருளுக்கு விலை குறையும் அச்சம் எப்போதும் உண்டு.

இங்கே மோரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாரின் கருத்து நமக்கு வழிகாட்டுகிறது. நியூயார்க் மாநிலத்தின் பத்துப் பள்ளிகளில் 5,000க்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1965இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. தன்மதிப்பு என்பது பிறரைவிட நான் மேலானவன் என்ற எண்ணமன்று, நான் ஒரு மனிதனாகப் போதிய தகுதி உடையவன் என்ற எண்ணம் என்றார் அவர். தன்மதிப்புக்கும் செருக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே. செருக்குக்குத் தாழ்ந்தவன் ஒருவன் தேவை. தன்மதிப்புக்கு அத்தகைய துணை தேவையில்லை.

கிழிக்கப்பட்ட கடிதம்

தவறு செய்த பிள்ளையின் தன்மதிப்பை என்ன செய்வது? கண்டித்தால் உடைந்துவிடுமோ, விட்டுவிட்டால் கெட்டுவிடுமோ என்று பெற்றோர் தவிக்கும் இடம் இது. மகாத்மா காந்தியின் தன்வரலாற்றில் இதற்கொரு விடை இருக்கிறது. அவருக்குப் பதினைந்து வயது. அண்ணன் பட்டிருந்த ஏறத்தாழ 25 ரூபாய்க் கடனைத் தீர்க்க, அவரது தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் தீரவில்லை. வாயால் சொல்லத் துணிவின்றி ஒரு தாளில் குற்றத்தை எழுதினார். தக்க தண்டனை தரும்படியும், தம் பொருட்டுத் தந்தை தம்மையே வருத்திக்கொள்ளக் கூடாது என்றும் வேண்டினார். இனித் திருடேன் என்று உறுதி கூறினார். நோயுற்று மரப்பலகையில் படுத்திருந்த தந்தை கரம்சந்த் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. சற்றுக் கண்மூடிச் சிந்தித்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்தார். மகனும் அழுதார்.

இந்நிகழ்ச்சியில் புகழ்ச்சி இல்லை, கண்டனமும் இல்லை. தவறைத் தந்தை சிறிதாக்கவும் இல்லை. அவரது கண்ணீரே அதன் எடையைக் காட்டியது. ஆனால் தவறு எழுதப்பட்ட தாளை அவர் பத்திரப்படுத்தவில்லை. 'செய்தது தவறு, செய்த நீ என் மகன்' என்ற இரண்டும் ஒரே நேரத்தில் மகனுக்கு விளங்கின. 1885இல், காந்திக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, கரம்சந்த் மறைந்தார். எரிக்சன் 1962இல் அகமதாபாத்துக்கு வந்து, பின்னர் காந்தியைப் பற்றி ஒரு பெரிய நூலையே எழுதி 1969இல் வெளியிட்டார். இளமையில் உருவான அடையாளம் பொதுவாழ்வில் எவ்வாறு செயலாகிறது என்று காண விழைந்த அறிஞருக்கு இந்த வாழ்க்கை ஈர்ப்பாக இருந்ததில் வியப்பில்லை.

பெரியோரின் கடமை

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, ஏற்பு வெற்றிக்கு முன்பே வரவேண்டும். தேர்வு முடிவு வரும் நாளில் நாம் பேசும் முதல் சொல்லுக்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அதைவிட, முடிவு வருவதற்கு முந்தைய நூறு நாட்களில் நாம் பேசியவற்றை நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, ஏற்போடு பொறுப்பும் வேண்டும். பாட்டிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பது, தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவது, ஒரு மரக்கன்றை ஆண்டு முழுவதும் காப்பது ஆகிய சிறு கடமைகள் 'நான் தேவைப்படுகிறேன்' என்ற உணர்வைத் தருகின்றன. மதிப்பெண்ணைக் காரணம் காட்டி அக்கடமைகளை எல்லாம் நாம் பறித்துவிடுகிறோம். மூன்றாவது, தேடுவதற்குத் தவணை வேண்டும். விருப்பம் மாறுவது குற்றமன்று. நான்காவது, சோர்வு நீடித்தால், உறக்கமும் உணவும் குன்றினால், வாழ விருப்பமில்லை என்ற பேச்சு வந்தால், அதை நாடகம் என்று தள்ளாமல் உடன் அமர்ந்து கேட்கவேண்டும். மருத்துவ உதவி நாடுவதில் இழிவு ஏதுமில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி-மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இளைஞர்களிடமும் ஒரு சொல். 'அகங்காரம்' என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் 'நான் என்று ஆக்குவது'. மாணவன், மகள், விளையாட்டு வீரர், முதல் மதிப்பெண் பெற்றவர் என்று நாம் ஆக்கிக்கொள்ளும் ஒவ்வொரு 'நானும்' மேடையில் ஒரு வேடம். வேடம் வேண்டும், அதை நன்றாக நடிக்கவும் வேண்டும். ஒரு வேடம் கலைந்தால் நடிகர் இறப்பதில்லை. எல்லா வேடங்களையும் மாறி மாறிக் கண்டுகொண்டு உங்களுள் இருப்பவருக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் போட முடியாது. நம் முன்னோர் அதை ஆன்மா என்றனர். கான்ட் அதன் திசையை நோக்கியே மாண்பு என்றார். பெயர் எதுவாயினும், அதை ஈட்ட வேண்டியதில்லை. ஆகவே அதை இழக்கவும் இயலாது.

சத்தியகாமன் பல ஆண்டுகளுக்குப் பின் ஆயிரம் பசுக்களோடு திரும்பினான். வழியில் காளையும் நெருப்பும் அன்னமும் நீர்ப்பறவையும் அவனுக்குக் கற்பித்தன என்கிறது உபநிடதம். கௌதமர் மந்தையை எண்ணிப் பார்த்ததாக அங்கே சொல்லப்படவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். அதில் கண்ட ஒளியைச் சொன்னார். யார் உனக்குக் கற்பித்தார் என்று வினவினார். நம் பிள்ளைகள் வீடு திரும்பும் மாலைகளில் நாமும் முதலில் பார்க்க வேண்டியது அவர்களுடைய முகத்தையே.